சோடாவில் ஒரு நார்த்தங்காய்த் துண்டு

மேசையின் அந்தக் கோடியில் சர்வர் குறிப்பேட்டைத் திறந்துவிட்டார். நாங்கள் பதினான்கு பேர், நான் பதினோராவது நாற்காலி. ஒவ்வொருவரிடமும் அவர் குனிந்து, ரகசியம் கேட்பதுபோல் கேட்டு, எழுதிக்கொண்டு, நிமிர்ந்து, அடுத்த நாற்காலிக்கு நகர்கிறார். ஒரு நாற்காலிக்கு அரை நிமிடம் என்றால் என்னிடம் வர ஐந்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் ஒரு முட்டை வெந்துவிடும், மின்சார ரயில் இரண்டு நிலையங்களைத் தாண்டிவிடும், நான் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துவிடலாம். ஒரு ப்ளெய்ன் சோடா, சின்ன கிளாஸ்ல, ஐஸ் நிறைய. அவ்வளவுதான் வாக்கியம். இதைக் காலையில் பேருந்தில் வரும்போதே சொல்லிப் பார்த்துவிட்டேன், பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். ஆறாவது மாடி உணவகம், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர், வெளியே கார்த்திகை மாத மழை. மதியம் ஒன்றரை மணிதான், ஆனால் மழை நேரத்தை அழித்துவிட்டது. கண்ணாடியில் வழியும் தண்ணீருக்குப் பின்னால் அண்ணா சாலையின் வண்டிகள் கரைந்து சிவப்பும் மஞ்சளுமாய் ஓடுகின்றன, யாரோ நகரத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பதுபோல. எங்கள் டீம் லீட் ஷர்மிளா மேடம் ஹைதராபாத்துக்குப் போகிறார், அதற்கான விருந்து இது. நான் குடிப்பதை நிறுத்திப் பத்தொன்பது நாள் ஆகிறது. இந்த மேசையில் அது யாருக்கும் தெரியாது. என் கைப்பையின் உள் ஜிப்புக்குள் அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய் இருக்கிறது, அதுவும் யாருக்கும் தெரியாது.

சர்வர் மூன்றாவது நாற்காலிக்கு வந்துவிட்டார், அது திருமுருகன். மாலை போட்டிருக்கிறார், கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், செருப்பு இல்லாத கால். ஐந்து நிமிடம் தலையைக் காட்டிவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். சர்வர் அவர் கழுத்தைப் பார்க்கிறார், எதுவும் கேட்காமலே தலையசைத்து, இளநீர் என்று எழுதிக்கொள்கிறார். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சென்ற மாதம்வரை மூன்றாவது ரவுண்டில் பாட்டுப் பாடிய மனிதர், இன்று ஒரு துளசிமணி மாலை அவருக்காக எல்லாப் பதிலையும் சொல்லிவிடுகிறது. "சாமி, மலைக்குப் போயிட்டு வந்ததும் மொத வேலை என்ன சாமி?" என்று பிரசன்னா எட்டாவது நாற்காலியிலிருந்து கத்துகிறான். "மொத வேலை உன்னைத் திருத்துறதுதான் சாமி" என்கிறார் அவர். மேசை குலுங்கிச் சிரிக்கிறது. என் கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி மட்டும் இருக்கிறது, அது யாரிடமும் எதையும் சொல்லாது. என்னிடம் கேட்பார்கள். உடம்பு சரியில்லையா, விரதமா, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களா, சாமியாராகப் போகிறாயா. பல் டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று ஒரு பொய்யையும் தயாராக வைத்திருக்கிறேன், வலது பக்கக் கடைவாய்ப் பல் என்றுகூட முடிவு செய்தாயிற்று. இரண்டு வருடத்துக்கு முன் பாண்டிச்சேரிக்கு டீமோடு போனபோதுதான் முதலில் குடித்தேன். அதுவரை அலுவலகத்தில் என் குரல் எப்படி இருக்கும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அன்று இரண்டு கிளாஸுக்குப் பிறகு எனக்குள் ஒரு கதவு எண்ணெய் போட்டதுபோல் சத்தமில்லாமல் திறந்தது, நான் எங்கள் வாடிக்கையாளர் போனில் இருமுவதை, இருமிவிட்டு மன்னிப்புக் கேட்பதை, அப்படியே நடித்துக் காட்டினேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "சிந்து, நீயா பேசுற!" அதற்குப் பிறகு நான் 'ரெண்டு உள்ள போனா சூப்பரா பேசுற சிந்துஜா' ஆகிவிட்டேன். அந்தப் பெண்ணை எனக்கும் பிடித்திருந்தது. அவளைப் பார்க்க வெள்ளிக்கிழமைவரை காத்திருந்தேன், பிறகு புதன்கிழமை, பிறகு என் அறையில் தனியாக, பேசுவதற்கு யாருமே இல்லாதபோதும்.

நான்காவது நாற்காலி, ஐந்தாவது. இந்த ஆள் வேகமாக எழுதுகிறார். நிறுத்தினால் வேறு எதையாவது குடிக்க வேண்டுமே என்பது முதல் நாள் எனக்குத் தோன்றவே இல்லை. மாலை ஏழு மணிக்குக் கை தானாக ஒரு கிளாஸைத் தேடியபோதுதான் தெரிந்தது, நாக்குக்கு முன்னால் கை பழகிவிட்டிருக்கிறது என்று. முதல் நாள் மாம்பழ ஜூஸ் வாங்கிவந்தேன். இரண்டு மடக்கு, தீர்ந்துவிட்டது. இனிப்பு காத்திருக்க விடாது, நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அந்த ஏழு மணியை எட்டு மணிவரை எதை வைத்து ஓட்டுவது. பன்னீர் சோடா குடித்தேன், கல்யாண மண்டப வாசலில் யாரோ முகத்தில் தெளித்ததுபோல் இருந்தது. மோரில் பச்சை மிளகாய் தட்டிப் போட்டேன். அது நல்லதுதான், ஆனால் மோர் உடனே தூக்கத்தையும் சாப்பாட்டையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது, ஏழு மணிக்கே நாள் முடிந்துவிடுகிறது. சூப்பர் மார்க்கெட்டில் ஆல்கஹால் இல்லாத பீர் இருந்தது. பச்சை பாட்டில், அதே நுரை, அதே கசப்பு, முதல் வாயிலேயே பயந்துவிட்டேன். நாக்கு ஏமாறவில்லை, மிச்சம் எங்கே என்று கேட்டது. பாதி பாட்டிலைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். ஒரு நாள் சுக்குமல்லிக் காபியை ஆறவைத்து ஐஸ் போட்டேன். ஒரு நாள், யாரிடமும் சொல்ல முடியாது, ரசத்தின் மேல் தெளிவை மட்டும் வடித்து, முன்பு குடித்த அந்தக் கனத்த அடிக் கிளாஸில் ஊற்றி, ஜன்னலருகே உட்கார்ந்து சின்னச் சின்ன வாயாகக் குடித்தேன். நிறம்கூட அதே நிறம். மிளகு தொண்டையில் இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன், மூடியபடியே சிரித்துவிட்டேன், என் அறைத்தோழி ரெஜினா எட்டிப் பார்த்து "என்னடி தனியா சிரிக்கிற?" என்றாள். ரெஜினா இப்போது என் வலது பக்கம் பன்னிரண்டாவது நாற்காலியில் மெனு கார்டைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளிடமும் சொல்லவில்லை, வயிறு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன். அப்புறம் ஒன்பதாவது நாள், தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அம்மா அனுப்பிய நார்த்தங்காயைப் பிய்க்கும்போது, ஒரு துண்டு வழுக்கிப் பக்கத்திலிருந்த சோடாவில் விழுந்தது. எடுக்கப் போனவள் எடுக்கவில்லை. அந்தத் துண்டைச் சுற்றிக் குமிழிகள் பூச்சிகள்போல ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போயின. குடித்துப் பார்த்தேன். முதலில் உப்பு, பிறகு புளிப்பு, விழுங்கிய பிறகு நாக்கின் பின்பக்கம் மெதுவாக ஒரு கசப்பு, போகாமல் நின்றது. அதைச் சட்டென்று குடிக்க முடியாது. ஒரு வாய் குடித்தால் அடுத்த வாய்க்குச் சற்று நேரம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருக்கிற நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது என்று அன்று தெரிந்தது. ஒரு துண்டு மூன்று கிளாஸ் தாங்கும். மூன்றாவதில்தான் கசப்பு நன்றாக இறங்கும்.

ஆறாவது நாற்காலி ஷர்மிளா மேடம், அவர் சிரித்துக்கொண்டே ஏதோ நீளமாகச் சொல்கிறார், எனக்கு நேரம் கிடைக்கிறது, வேண்டாம், நேரம் கிடைத்தால் மனம் அங்கேதான் போகும். முப்பத்தேழு நிமிடம். அதற்குள் போகாதே என்று சொல்லச் சொல்லப் போகிறது. பத்தொன்பது நாளுக்கு முன் ஒரு காலையில் எழுந்து போனைப் பார்த்தேன், முந்தைய நாள் இரவு எட்டு பத்துக்கு மன்னார்குடியிலிருந்து அம்மாவின் அழைப்பு, முப்பத்தேழு நிமிடம் பேசியிருக்கிறோம். எனக்கு 'ஹலோ' என்றது மட்டும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு தலைக்குள் வெறும் பஞ்சுதான். அம்மா எப்போதும் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசமாட்டாள். சாப்டியா, மழையா, வச்சிடுறேன். அந்த முப்பத்தேழு நிமிடத்தில் நான் என்னென்ன கொட்டினேன். குடித்திருக்கிறேன் என்று சொன்னேனா. ராகவோடு இருந்ததை, அது முடிந்ததைச் சொன்னேனா. அப்பா இறந்தபோது எனக்கு அழுகையே வரவில்லை என்பதை, யாரிடமும் சொல்லாததை, அவளிடம் போயா சொன்னேன். அழுதேனா, கத்தினேனா, யாரையாவது நடித்துக் காட்டினேனா. மறுநாள் அம்மா போனில் சாதாரணமாகத்தான் பேசினாள், அதுதான் பயம். நான்கு நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது, பிளாஸ்டிக் டப்பா நிறைய உப்பு நார்த்தங்காய். சின்ன வயதிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை, அம்மாவும் அனுப்பியதில்லை. வந்துவிட்டது என்று சொன்னபோது "அந்த மரத்துக் காய்தான்" என்றாள். நான் "ம்" என்றேன். எந்த மரம்? எங்கள் வீட்டில் ஒரு முருங்கை மரமும் இரண்டு வாழையும்தான். எந்த மரம் என்று கேட்டிருக்கலாம், கேட்டால் எனக்கு நினைவில்லை என்பது தெரிந்துவிடும், அது தெரிந்தால் ஏன் நினைவில்லை என்பது வந்துவிடும். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் போனை வைக்கும் முன் அம்மா "வேற என்ன?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருக்கிறாள். முன்பெல்லாம் காத்திருக்கமாட்டாள். அந்த அமைதியில் நான் சொன்னதெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். நான்தான் முதலில் வைத்துவிடுவேன்.

"மேடம், உங்களுக்கு?" வந்துவிட்டார். சட்டைப் பையில் பிபின் என்று பெயர், கண்கள் களைத்திருக்கின்றன. பேருந்தில் சொல்லிப் பார்த்த வாக்கியம் எங்கோ மழையில் இறங்கிப் போய்விட்டது. "சோடா" என்கிறேன். "சோடாவோட?" என்று பேனாவை நிறுத்திவைத்துக் காத்திருக்கிறார், சோடாவோடு வேறொன்று வரவேண்டும், அதுதானே வழக்கம். "சோடா மட்டும். சின்ன கிளாஸ்ல. ஐஸ் நிறைய." என் குரல் யாரோ அடுத்த அறையில் பேசுவதுபோல் எனக்கே கேட்கிறது. "என்னது, சோடாவா?" பிரசன்னா கேட்டுவிட்டான். "சாமி, துணைக்கு ஆள் வந்தாச்சு சாமி! சிந்து, இன்னைக்கு மேடத்தை யாரு நடிச்சுக் காட்டுறது? ரெண்டு உள்ள போனாத்தானே உனக்கு வாயே தொறக்கும்!" எல்லாரும் திரும்புகிறார்கள், பல் டாக்டர் என் வாய்வரை வந்து நிற்கிறார், வலது கடைவாய். "வேண்டாம்னு இருக்கு" என்கிறேன். "ஆங்?" என்கிறான் அவன். அதற்குள் கோபி மஞ்சூரியன் வந்துவிட்டது, தட்டுகள், முள்கரண்டிகள், யார் முதலில் என்ற சண்டை, அவன் திரும்பிவிட்டான். பிபின் பன்னிரண்டாவது நாற்காலியில் குனிந்திருக்கிறார். பத்தொன்பது நாளாய் நான் பயந்தது நான்கு விநாடியில் நடந்து முடிந்துவிட்டது. நிம்மதியாக இருக்கிறது, கூடவே ஏதோ ஏமாந்ததுபோலவும் இருக்கிறது, இவ்வளவுதானா, இவ்வளவுக்காகவா. ரெஜினா மட்டும் மெனு கார்டை இறக்கி என்னைப் பார்க்கிறாள், பார்த்துவிட்டு "எனக்கும் அதே சோடா" என்கிறாள் அவரிடம்.

கனத்த அடிக் கிளாஸ். நல்ல கிளாஸ், கைக்குப் பாரம் தெரிகிறது. மேசைக்கு அடியில் கைப்பையைத் திறந்து தாளைப் பிரிக்கிறேன், திருட்டுத்தனம் செய்வதுபோல, உண்மையில் திருட்டுத்தனம் செய்த நாட்களில்கூட இவ்வளவு பதறியதில்லை. கிள்ளிய பாதித் துண்டு விழுகிறது, ஐஸ் விலகி இடம் கொடுக்கிறது, குமிழிகள் வந்து சூழ்கின்றன. மிச்சப் பாதியை ரெஜினாவின் கிளாஸில் போடுகிறேன். அவள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிக்கிறாள், பிறகு இன்னொரு வாய். "இதையா தினமும் ரூம்ல குடிச்சிட்டிருந்த? உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம், நான் ஏதோ பாம்பைப் பழக்குறன்னு நினைச்சேன்" என்கிறாள். நான் சிரிக்கிறேன், இரண்டு உள்ளே போகாத சிரிப்பு, சின்னது. உப்பு, புளிப்பு, பிறகு காத்திருந்தால் கசப்பு. மழை சற்றுக் குறைந்து மறுபடி பிடிக்கிறது. எல்லாரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்கிறார் ஷர்மிளா மேடம். யாரும் சொல்லவே வேண்டாம், போன் உயர்ந்ததும் மேசையில் ஒரு அலை ஓடுகிறது, எல்லாக் கிளாஸ்களும் மேசையைவிட்டு இறங்குகின்றன. இரண்டு வருடமாய் இப்படித்தான். போட்டோ எல்லார் வீட்டு வாட்ஸப்புக்கும் போகும், மாமியார் பார்ப்பார், மாமா பார்ப்பார், அதனால் எங்கள் விருந்துகளின் போட்டோக்களில் தட்டுகள் உண்டு, சிரிப்பு உண்டு, கிளாஸ் மட்டும் இருக்காது. நானும் கிளாஸை என் பாதங்களுக்கு நடுவே வைத்துவிட்டுச் சிரிக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்தாயிற்று. கிளாஸை எடுக்கக் குனிகிறேன், அப்படியே நின்றுவிடுகிறேன். மேசைக்கு அடியில் இன்னொரு விருந்து நடக்கிறது. அரையிருட்டில், ஷூக்களுக்கும் செருப்புகளுக்கும் நடுவே, இரண்டு வரிசையாகக் கிளாஸ்கள், தேன் நிறத்தில், நுரையோடு, சிவப்பாய், ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருக்கின்றன. ஒரு கை இறங்கி ஒன்றைத் தூக்கிப் போகிறது, பிறகு இன்னொரு கை. என்னுடையதும் அங்கேதான் நிற்கிறது, சோடாவும் ஒரு நார்த்தங்காய்த் துண்டும், அதைப் போய் ஒளித்திருக்கிறேன். அம்மா போன வருடம் ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "ஏண்டி, அவ்ளோ பெரிய ஓட்டல்ல ஒரு டம்ளர்கூடவா வைக்க மாட்டாங்க? விக்கலெடுத்தா என்ன பண்ணுவீங்க?" நான் அதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்க வைத்தேன், அவள் குரலிலேயே. இரண்டு உள்ளே போயிருந்தது.

நிமிர்ந்து கிளாஸை மேசைமேல், வெள்ளைத் துணியின்மேல், வைக்கிறேன். என் போனில் அதை மட்டும் ஒரு படம் எடுக்கிறேன். யோசித்தால் அனுப்பமாட்டேன், அதனால் யோசிக்காமல் அம்மாவுக்கு அனுப்புகிறேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அதிர்கிறது. கிளாஸையும் எடுத்துக்கொண்டு வெளியே தாழ்வாரத்துக்கு வருகிறேன், ஜன்னல் விளிம்பில் மழைத் தூறல் விழுந்து மினுங்குகிறது.

"என்னடி அது, அந்தக் காயை எதுல போட்டு வச்சிருக்க?"

"சோடாலம்மா. குடிக்கிறதுக்கு."

"சோடாலயா!" அம்மா சிரிக்கிறாள். அவள் சிரிப்பில் ஒரு பல் இடைவெளி கேட்கும். "நல்லா இருக்கா?"

"கசக்குது. நல்லா இருக்கு."

"அந்த மரம் அப்படித்தான். வேற என்ன?" அங்கேயும் மழை பெய்கிறது. அவள் காத்திருக்கிறாள். நான் வைத்துவிட வேண்டும், கட்டைவிரல் சிவப்புப் பொத்தானிடம் போய்விட்டது.

"அம்மா, அன்னைக்கு முப்பத்தேழு நிமிஷம் பேசினோமே. நான் என்னம்மா பேசினேன்?"

"நீ எங்கடி பேசின? நான்தானே பேசினேன். நீ உம் கொட்டிக்கிட்டே இருந்த." கரண்டி எதிலோ தட்டுகிற சத்தம். "பொறந்ததுலேருந்து நீ அவ்ளோ நேரம் குறுக்க பேசாம நான் சொல்றதைக் கேட்டதே இல்ல. வச்சப்புறம் உங்க சித்திகிட்டகூடச் சொன்னேன், பிள்ளை வளந்துருச்சுன்னு. நீயா ஏதாவது கேப்பன்னு பாக்குறேன், கேக்கவே மாட்டேங்குற."

மழை எனக்குள் பெய்கிறது. பத்தொன்பது நாளாய் நான் என் வாயிலிருந்து விழுந்ததையே தேடிக்கொண்டிருந்தேன். தரையெல்லாம் தடவினேன். என் கையில் யாரோ எதையோ கொடுத்திருக்கிறார்கள், நான் அதைப் பார்க்கவே இல்லை, உம் உம் என்று சொல்லியபடியே கீழே விட்டிருக்கிறேன். கிளாஸில் ஐஸ் ஒன்று உடைந்து புரள்கிறது. பொய் ஒன்று இப்போதும் மிச்சமிருக்கிறது, அன்று தூக்கக் கலக்கம் என்று சொல்லலாம், அவள் நம்புவாள்.

"அம்மா, அன்னைக்கு நான் குடிச்சிருந்தேன். எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல."

கரண்டிச் சத்தம் நிற்கிறது. குக்கர் ஒரு விசில் அடித்து அடங்குகிறது.

"இருபத்தெட்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லாததுடி அது" என்கிறாள் கடைசியில், மிகவும் மெதுவாக. "உங்க அப்பாகிட்டகூட."

"அம்மா..."

"இப்பவும் குடிக்கிறியா?"

"இல்லம்மா. பத்தொன்பது நாளாச்சு."

"கையில என்ன வச்சிருக்க?"

"நீ அனுப்பினதுதான்."

மறுபடி அமைதி. இந்த முறை நான் வைக்கவில்லை.

"எதுவரைக்கும் ஞாபகம் இருக்கு?"

"ஹலோன்னு சொன்னது."

"நீடாமங்கலம்? டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்? அங்க பின்னாடி நின்ன மரம்?"

"எந்த மரம்னே தெரியாதும்மா." அம்மா ஒரு காலத்தில் நீடாமங்கலத்தில் இருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது.

அவள் பெருமூச்சு விடுகிறாள், கோபமா, களைப்பா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. "இரு. அடுப்பை அணைச்சிட்டு வர்றேன். வச்சிடாத."

போனை அவள் சமையல் மேடையில் வைக்கும் சத்தம் கேட்கிறது. காலடிகள் போகின்றன, ஒரு மூடி நகர்கிறது, தூரத்தில் ஒரு கதவு சாத்தப்படுகிறது. உள்ளே மேசையில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ரெஜினா ஏதோ பதில் சொல்கிறாள். ஒரு வாய் குடிக்கிறேன். கசப்பு இப்போதுதான் இறங்கத் தொடங்கியிருக்கிறது. மன்னார்குடியில் காலடிகள் திரும்பி வருகின்றன, நாற்காலி இழுபடுகிறது. கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொள்கிறேன்.